மலையேறி வந்த கடற்கரை

பெலமூசாத் தீவில் இருக்கும் ஒரே மணற்கரையான அம்முதி, ஈஸ்டர் முடிந்த வாரத்தில் ஒரு மத்தியானம், ஊரே தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் தன் இடத்தை விட்டுக் கிளம்பிப் போய்விட்டது. ஸ்கலா துறைமுகத்துக்காரர்கள் தூக்கம் கலைந்து காபி போட எழுந்தபோது, காலையில் மணல் இருந்த இடத்தில் கறுப்புப் பாறையும் அதன்மேல் வழி தெரியாமல் ஓடிக்கொண்டிருந்த சில நண்டுகளும்தான் மிச்சம். தேடிப் போனவர்கள் அதை ஊருக்குப் பின்னால், மலையின் பாதியில் இருக்கும் மெசாரியா ஊருக்கு ஏறும் கழுதைப் பாதையின் ஓரத்துத் தரிசில் கண்டார்கள். மணல் மொத்தமும் வந்திருந்தது. மணலில் நின்ற சவுக்கு மரங்கள் மூன்றும், கவிழ்த்து வைத்திருந்த ஒரு பழைய படகும், முழங்கால் ஆழத்துக்கு ஒரு பட்டைத் தண்ணீரும் கூடவே வந்திருந்தன. அந்தத் தண்ணீரில் சின்னச் சின்ன அலைகள் எழுந்து ஒழுங்காகக் கரையில் அடித்துக்கொண்டிருந்தன. அந்த வாரம் பேய்க்கணவாய் விலை இறங்கியிருந்தது, தபால் கப்பல் காற்றினால் தாமதமாக வந்தது, கடற்கரை மேலே போயிருந்தது. சாயங்காலம் காபிக் கடையில் மூன்றையும் பற்றிப் பேசினார்கள்.

முப்பது வயது தாண்டிய எல்லோருக்கும் அது எங்கே போகிறது என்று தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வலை பழுது பார்க்கும் ஸ்தமாதிஸ் மட்டும் ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "பதினெட்டு வருஷம் கழிச்சு இப்பத்தான் ரோஷம் வந்திருக்கு" என்றான். யாருக்கு என்று அவனும் சொல்லவில்லை, பக்கத்தில் இருந்தவர்களும் கேட்கவில்லை.

பதினெட்டு வருடத்துக்கு முன் ஓர் அக்டோபர் காலையில், அந்திபாஸ் என்ற மீனவன் ஸ்கலாவிலிருந்து படகெடுத்துப் போனான். அன்றைக்குக் காற்றே இல்லை. மறுநாள் அவனுடைய படகு மட்டும் தீவின் வடக்கு முனையில் பாறைகளுக்கு நடுவே உடைந்து கிடந்தது. ஆளைக் காணோம். அவன் மனைவி தெமெலினாவுக்கு அப்போது இருபத்தாறு வயது. ஊர் வழக்கப்படி அவள் கறுப்பு உடுத்தவில்லை. உடல் கரைக்கு வரவில்லை, அதனால் அவர் செத்தார் என்று யாரும் தன்னிடம் சொல்ல வேண்டாம் என்றாள். அந்திபாஸின் தங்கை பொலிக்சேனிதான் நாற்பதாம் நாளுக்கு, இறந்தவர்களுக்கு வைக்கும் முறைப்படி, கோதுமையை வேகவைத்து, சர்க்கரையும் பாதாமும் மாதுளை முத்தும் தூவித் தட்டில் பரப்பித் தேவாலயத்துக்கு எடுத்துவந்தாள். பாதிரியார் சிலுவானோஸ் இறந்தவர்களின் பெயர்களை வாசிக்கத் தொடங்கியபோது தெமெலினா மஞ்சள் பாவாடையோடு உள்ளே வந்து, ஒரு கையால் அந்தத் தட்டைக் கவிழ்த்துவிட்டு வெளியே நடந்தாள். ஊர் அவள் பின்னாலேயே போனது. அவள் நேராக அம்முதி மணலுக்குப் போய்க் கடலைப் பார்த்து நின்றாள். கத்தவில்லை. அடுத்த வீட்டுக்காரியிடம் பேசுகிற குரலில்தான் பேசினாள்.

"நீதான் எடுத்துக்கிட்டேன்னு சொல்றாங்க. எடுத்திருந்தா என் வாசலுக்கு வந்து சொல்லு. உன்கிட்ட நான் வரமாட்டேன்."

அவ்வளவுதான். அன்றே மலை உச்சியில் இருக்கும் ஹோராவுக்கு, இறந்துபோன அம்மாவின் வீட்டுக்குக் குடிபோனாள். அந்த வீட்டில் கடலைப் பார்த்த ஜன்னல் ஒன்று இருந்தது. அதைக் கல் வைத்து அடைத்துச் சுண்ணாம்பு பூசினாள். தீவில் பிறந்த ஒருத்தி கடலைப் பார்க்காமல் காலம் தள்ளுவது லேசான காரியமில்லை. ஹோராவின் சந்துகளில் இரண்டு வீட்டுக்கு இடையில் எங்கெல்லாம் நீலம் தெரியுமோ அங்கெல்லாம் தலைத்துணியை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு ஒருக்களித்து நடப்பாள். ஊரின் பொது அடுப்பை எடுத்து நடத்தினாள். நல்ல ரொட்டி. அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். கோதுமை வைக்காதவள் எப்படி விதவையாவாள் என்று பாதிரியார் தயங்கினார். தான் விதவையே இல்லை என்று அவளே சொல்லி இருவரையும் அனுப்பிவிட்டாள். தினமும் மேஜையில் இரண்டு தட்டு வைத்தாள், ஒன்றைக் கழுவினாள், மற்றதைத் துடைத்து வைத்தாள். பொலிக்சேனியோடு பேச்சுவார்த்தை அந்தக் கோதுமையோடு முடிந்தது.

கடற்கரை அவசரப்படவில்லை. தூக்க நேரத்தில் மட்டும் நகர்ந்தது, அதுவும் ஒரு வயல், அரை வயல். மெசாரியாவைத் தொட்டபோது கோடை பிறந்துவிட்டது. மெசாரியாக்காரர்கள் பருப்பும் பார்லியும் போடுகிறவர்கள், கடலோடு கொடுக்கல் வாங்கல் இல்லாதவர்கள். முதலில் சண்டை பிடித்தார்கள். பாத்தி உப்பாகிறது, கிணற்றில் கடல்பாசி மிதக்கிறது, ஆடுகள் அலையைப் பார்த்து மிரண்டு பால் குறைகிறது என்றார்கள். பிறகு பிள்ளைகள் அதில் இறங்கிக் குளித்தார்கள், பிள்ளைகளைக் கூப்பிடப் போன அம்மாக்கள் கால் நனைத்தார்கள், ஆகஸ்டில் மாதா பண்டிகைக்கு ஆட்டை அந்த மணலில்தான் சுட்டார்கள். ஸ்கலாவில் வருடாவருடம் வந்து தங்குகிற சில ஜெர்மன் குடும்பங்கள் துண்டையும் குடையையும் தூக்கிக்கொண்டு மலையில் பாதி தூரம் ஏறிவந்து, பார்லிக் கொல்லைக்கு நடுவே குளித்துவிட்டுப் போனார்கள். அடுத்த வருடம் அவர்களும் வரவில்லை. துறைமுகத்தில் அறைகள் வாடகைக்கு விட்டுப் பிழைத்தவர்கள் கைபிசைந்து நின்றார்கள். பொலிக்சேனி அவர்களில் ஒருத்தி. புருஷன் நோயாளி, இரண்டு பெண்கள், மாடியில் நான்கு அறை.

ஸ்கலாக்காரர்கள் மனுப் போட்டதால் பெரிய தீவிலிருந்து ஒரு நில அளவை அதிகாரி கப்பலேறி வந்தார். குளிர்கால அலை எதுவரை வருமோ அதுவரை அரசாங்க நிலம் என்பது சட்டம். அந்தக் கணக்குப்படி மெசாரியாவின் பாதி வீடுகளும் தேவாலயத்தின் மணிக்கூண்டும் அரசாங்கத்துக்குச் சேர்ந்துவிட்டன. அவர் சிவப்புக் கம்பு நட்டார். மத்தியானம் கம்புகளைத் தாண்டிக் கரை போயிருந்தது. எப்படி நகர்கிறது என்று பார்த்துவிடுவதென்று மறுநாள் ஒரு நாற்காலி போட்டு, ஊர் தூங்கும்போது தான் மட்டும் விழித்திருந்தார். கரை அசையவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து அவருக்கு ஒரு தும்மல் வந்தது. கண்ணைத் திறந்தபோது நாற்காலியின் கால்கள் ஈரத்தில் இருந்தன, கரை அவருக்குப் பின்னால் போய்விட்டிருந்தது. அவர் எதுவும் எழுதாமல் கப்பலேறினார். நல்ல மனிதர். கிளம்பும்போது பார்லி ரொட்டி வாங்கிக்கொண்டு போனார்.

இரண்டாவது இலையுதிர் காலத்தில் அது ஹோராவை அடைந்தது. சந்துகள் குறுகல் என்பதால் ஊருக்குள் நுழையாமல் மலைச்சரிவைச் சுற்றிவந்து, தெமெலினா வீட்டுப் பின்புறம் கைவிடப்பட்ட போரடிக்கும் களத்தில் தன்னைப் பரப்பிக்கொண்டது. அடைத்த ஜன்னலுக்கு நேர் கீழே அலை அடிக்கத் தொடங்கியது. சுவரின் இந்தப் பக்கம் தெமெலினா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். சத்தம் கேட்டுக் கையை நிறுத்தினாள். பிறகு பிசைந்து முடித்தாள். ஹோராவே அவள் என்ன செய்வாள் என்று காத்திருந்தது. அவள் ஒன்றும் செய்யவில்லை. பின்கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். தூங்கும்போது காதில் மெழுகு வைத்துக்கொண்டாள். அந்தக் குளிர்காலம் போனது, அடுத்த கோடையும் போனது. ஹோராப் பெண்கள் மணலில் உட்கார்ந்து பீன்ஸ் உரித்தார்கள். அவளுடைய ரொட்டியில் யாரும் போடாத உப்பு ஏறியது. மறுபடி குளிர் வந்தபோது கரை மெலியத் தொடங்கியது. தண்ணீர்ப் பட்டை முழங்காலிலிருந்து கணுக்காலுக்கு இறங்கியது. மணல் வெளுத்தது. சவுக்கு மரங்களில் ஒன்று காய்ந்தது. அலை, நோயாளியின் மூச்சுப்போல, ஒன்று வந்தால் அடுத்தது வருமா என்று காத்திருக்க வைத்தது.

பொலிக்சேனி மலையேறி வந்தது அப்போதுதான். அறைகளைப் பற்றிப் பேச வந்தவள். வழியில் களத்தைப் பார்த்துவிட்டு வந்ததால் அந்தப் பேச்சே அவளுக்கு மறந்துபோனது. அடுப்புக்குப் பக்கத்தில் நின்றாள். இருபது வருடத்தில் இருவருக்கும் முதல் பேச்சு.

"அண்ணி, அது செத்துக்கிட்டு இருக்கு."

தெமெலினா ரொட்டியை அடுப்புக்குள் தள்ளினாள். "உட்காரு. கறுத்துப் போயிட்டே."

"ஒரு தரம் கதவைத் திறந்து பாருங்க. அவ்வளவு தூரம் ஏறி வந்திருக்கு."

"என்னை எத்தனை வருஷம் காக்க வச்சுது? கொஞ்சம் காத்திருக்கட்டும். காத்திருக்கிறதுன்னா என்னன்னு தெரியட்டும்."

"தண்ணி வத்திப்போச்சு அண்ணி. இந்தப் பனி தாங்காது."

"அவரு தாங்கினாரா? ஒரு சட்டையோட போனாரு."

பொலிக்சேனி எதையோ சொல்ல வாயெடுத்தாள். அடுப்பின் வெளிச்சம் அவள் முகத்தில் ஏறி இறங்கியது. கடைசியில் தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "நான் எங்க அண்ணனுக்காகச் சொல்லலை. உங்களுக்காகச் சொல்றேன்" என்றாள். தெமெலினா அவளுக்கு ஒரு சூடான ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்து அனுப்பினாள்.

மறுநாள் மத்தியானம் தெமெலினா கண்ணயர்ந்திருந்தபோது ஏதோ குறைந்தது போல விழிப்பு வந்தது. மெழுகை எடுத்துவிட்டுக் கேட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஒரு வருடத்துக்கும் மேலாக அவள் வெறுத்த சத்தம். அது இல்லாத வீடு, ஆள் வெளியேறிய வீடு மாதிரி இருந்தது. சிறிது நேரம் படுக்கையிலேயே உட்கார்ந்திருந்தாள். பழிவாங்குவது வேறு, வாசலில் ஒன்றைச் சாகவிடுவது வேறு என்று அவளுக்குத் தோன்றியது. எழுந்து கடப்பாரையை எடுத்தாள். பூசிய சுண்ணாம்பு இறுகிக் கல்லாகியிருந்தது. முதல் கல் பெயர்ந்தபோது அதன் வழியே ஒரு கயிறு வெளிச்சம் மாவுத்தொட்டியில் விழுந்தது. இரண்டாவது கல்லுக்கு அக்கம்பக்கத்தார் விழித்துவிட்டார்கள். யாரும் உதவிக்குப் போகவில்லை, அது அவள் வேலை என்று எல்லோருக்கும் தெரியும். கடைசிக் கல்லை அவள் வெளியே தள்ளியபோது அது மணலில் விழுந்தது. மணல் ஒருமுறை சிலிர்த்தது. அலை ஒன்று எங்கிருந்தோ பலத்தைச் சேர்த்துக்கொண்டு எழுந்துவந்து சுவரின் அடியைத் தொட்டது.

அவள் ஜன்னல் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி நின்று பார்த்தாள். களத்தில் கிடந்த சிறிய கடலை முதலில் பார்த்தாள். அப்புறம் தலையை நிமிர்த்தி, மலைக்குக் கீழே, தீவைச் சுற்றி, வானம் முடியும் இடம்வரை கிடந்த பெரிய கடலைப் பார்த்தாள். அவள் கண்ணில் நீர் வந்ததா என்று கேட்டால், வெளிச்சம் கூசியது என்றுதான் பின்னாளில் சொன்னாள்.

"வந்துட்டேல்ல. சொல்லு" என்றாள்.

மறுநாளிலிருந்து கடல் திருப்பிக் கொடுக்கத் தொடங்கியது. மத்தியானத் தூக்கம் முடிந்து எழுந்தால் ஈர மணலில் பொருட்கள் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். முதலில் வந்தவை அற்பம். ஒரு தோணியின் துடுப்பு, யாரோ கப்பலிலிருந்து தவறவிட்ட தொப்பி, பாதிரியார் சிலுவானோஸ் இளவயதில் நீந்தும்போது தொலைத்த சிலுவை. பிறகு பெரியவை வந்தன. போருக்கு முன்னால் மூழ்கிப்போன மெசாரியாவின் இரண்டு சகோதரர்களின் எலும்புகள் வந்தன. மாறிப்போகாமல், அவரவர்க்கு உரியது அவரவர்க்காக, பக்கத்தில் பக்கத்தில் அடுக்கப்பட்டிருந்தன. அவர்களுடைய தங்கை கழுதையில் வந்து, மூத்தவனின் உடைந்து கூடிய முழங்கை எலும்பைப் பார்த்து அடையாளம் சொல்லி, வெள்ளைத் துணியில் கட்டிக்கொண்டு போனாள். உறவுக்காரர்கள் ஸ்கலாவிலிருந்தும் வந்தார்கள், ஹோராவிலிருந்தும் வந்தார்கள். கடல் எடுத்தவர்கள் எல்லோருமே வந்துசேர்ந்தார்கள். அந்த வசந்தத்தில் பாதிரியாருக்கு ஓய்வில்லை. கல்லறைத் தோட்டத்தில் இடம் போதாமல் பக்கத்துப் பாதாம் தோப்பை அதன் சொந்தக்காரர் தானாகவே விட்டுக்கொடுத்தார். அழுகை கேட்டதுதான், ஆனால் அது பழைய அழுகை, உலர்ந்த அழுகை. அழுது முடித்தவர்கள் தெமெலினா கொடுத்த ரொட்டியைத் தின்றுவிட்டு நிம்மதியாக மலை இறங்கினார்கள்.

எல்லோருக்கும் பிறகு அந்திபாஸின் படகுச் சாமான்கள் வந்தன. கடல் சுக்கானை முதலில் கொடுத்தது. அடுத்து விளக்கு, அதன் கண்ணாடிகூட உடையாமல். நங்கூரம் வந்தது. வலை வந்தது, அதன் ஈயக் குண்டுகள் ஒன்றுகூடக் குறையாமல் தனியே குவிந்திருந்தன. நீலம் பூசிய துடுப்புகள் இரண்டும் வந்தன. தெமெலினா ஒவ்வொன்றையும் எடுத்து நல்ல தண்ணீரில் கழுவிக் களத்தின் ஓரத்தில் வைத்தாள். அடுத்தது அவன்தான் என்று ஊர் சொன்னது. அவள் தரையில் விரிக்கப் புதுத்துணி எடுத்துவைத்தாள். பொலிக்சேனிக்கு ஆள் அனுப்பினாள். அவள் வரவில்லை.

அடுத்த நாள் மணலில் ஒன்றும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஒரு வாரம் அவள் தூங்காமல் களத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கடைசியில், ஊரெல்லாம் விழித்துப் பார்த்துக்கொண்டிருக்க, அலை அவள் பாதம்வரை வந்து, மணலை மேலிருந்து அடிவரை ஒருமுறை முழுதாகப் புரட்டிப்போட்டுவிட்டுப் பின்வாங்கியது. சட்டைப் பைகளை வெளியே இழுத்துக்காட்டி நிற்கும் மனிதனைப்போல அந்தக் கரை அவள் முன்னால் கிடந்தது. கூழாங்கற்கள், ஈரம், வேறொன்றும் இல்லை. ஒரு பொத்தான்கூட இல்லை.

தெமெலினா வெகுநேரம் அதைப் பார்த்தாள். அவன் படகெடுத்துப் போன அன்று காலை அவள் ரொட்டியும் ஆலிவும் வைத்துக் கட்டிக்கொடுத்த சிவப்புக் கட்டம் போட்ட துணி வரவில்லை. அவனுடைய ஞாயிற்றுக்கிழமைச் செருப்பும் வரவில்லை. குதிகால் தைக்கக் கொடுக்கப்போகிறேன் என்று படகில் எடுத்துப் போட்டுக்கொண்டு போன செருப்பு. இத்தனை வருடத்தில் அந்தச் செருப்பை அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. எழுந்து தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, இருபது வருடத்தில் முதல் முறையாக மலை இறங்கினாள். ஸ்கலாவில் பொலிக்சேனி வாசலில் மீன் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். அண்ணி வருவதைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"ரொட்டியை எடுத்துக்கிட்டுத்தான் போனாரா?" என்று கேட்டாள் தெமெலினா.

"எடுத்துக்கிட்டுத்தான் போனாரு."

"எங்கே?"

"வடக்கு முனைக்குப் பின்னாடி கடற்பஞ்சு வியாபாரி படகு ஒண்ணு காத்துக்கிட்டு இருந்துச்சு. அதுல பிரேயஸ் துறைமுகம் போய், அங்கேருந்து கப்பல். ஆஸ்திரேலியா. முந்தின நாள் எங்கிட்ட வந்து சொன்னாரு. அம்மா மேல சத்தியம் வாங்கிட்டாரு." பொலிக்சேனி செதில் ஒட்டிய கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். "மூச்சு முட்டுதுன்னாரு. தீவு சின்னதா இருக்குன்னாரு. உங்க மேல குறையா ஒண்ணும் சொல்லலை அண்ணி."

"உயிரோட இருக்கானா?"

"மெல்போர்ன்ல மீன் கடை வச்சிருக்காராம். அங்கேருந்து வந்த ஒருத்தர் சொன்னாரு. ரெண்டு பிள்ளைங்க."

"கடலை விட்டான், மீனை விடலை."

"விட்டுட்டுப் போனவன் பொண்டாட்டிக்கு இந்த ஊர்ல என்ன மரியாதை? விதவைன்னா மறு கல்யாணமாவது பண்ணிக்கலாம். அதுக்குத்தான் நான் கோதுமையை வேகவச்சேன். நீங்க கொட்டிட்டீங்க."

"அதுக்கப்புறம் ஏன் சொல்லலை?"

"முதல் வருஷம் சொல்லியிருந்தா அழுதிருப்பீங்க. பத்தாவது வருஷம் சொல்லியிருந்தா என்னைக் கொன்னிருப்பீங்க. அதுக்கப்புறம் எப்படி ஆரம்பிக்கிறதுன்னே எனக்குத் தெரியலை."

தெமெலினா பக்கத்திலிருந்த முக்காலியை இழுத்து உட்கார்ந்தாள். கத்தியை எடுத்து, தட்டில் மிச்சமிருந்த மீன்களை ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்து முடித்தாள். அடிக்கவில்லை, ஏசவில்லை. வாளித் தண்ணீரில் கை கழுவும்போது மட்டும், "பாவம், அதை எத்தனை வருஷம் திட்டிட்டேன்" என்றாள். பொலிக்சேனிக்கு முதலில் யாரைச் சொல்கிறாள் என்று விளங்கவில்லை. அன்று மாலையே தெமெலினா மலையேறிப் போய், களத்தில் பாவாடையோடு இறங்கி, கணுக்கால் ஆழத் தண்ணீரில் உட்கார்ந்து கடலிடம் மன்னிப்புக் கேட்டாள். கடல் பதில் சொன்னதாக யாரும் சொல்லவில்லை. மறுநாள் தண்ணீர் அவளுடைய இடுப்பளவு இருந்தது, காய்ந்த சவுக்கு துளிர்த்திருந்தது.

அடுத்த வாரம் அவள் பாதிரியார் சிலுவானோஸிடம் போய் நடந்ததையெல்லாம் சொல்லி, கோதுமை வைக்கவேண்டும் என்றாள்.

"உயிரோட இருக்கிறவன் பேரை இறந்தவங்களோட சேர்த்து என்னால வாசிக்க முடியாது, தெமெலினா."

"அன்னிக்கு வாசிக்க வந்தீங்களே, சாமி."

"அன்னிக்கு எனக்குத் தெரியாது."

"கடவுளுக்குத் தெரியும்ல? அவரு தடுக்கலையே."

"தட்டைக் கவுத்தது யாரு, நீதானே. அவரு தடுத்தது அப்படித்தானோ என்னவோ."

"அவன் பேர் வேண்டாம். அந்திபாஸோட பொண்டாட்டின்னு ஒருத்தி இருந்தா. அவ போயிட்டா. அவளுக்கு வாசிங்க."

பாதிரியார் நாள் முழுவதும் புத்தகங்களைப் புரட்டினார். எதிலும் அப்படிச் செய் என்றும் இல்லை, செய்யாதே என்றும் இல்லை. சனிக்கிழமை மூன்று ஊரும் ஹோராவின் தேவாலயத்தில் கூடியது. பொலிக்சேனிதான் கோதுமையை வேகவைத்தாள், பாதாமைத் தெமெலினா உரித்தாள். அந்திபாஸின் மனைவி என்று பாதிரியார் வாசித்தபோது தெமெலினா குனிந்து சிலுவை போட்டுக்கொண்டாள். அந்திபாஸ் போன பிறகு முதல் முறையாகக் கறுப்பு உடுத்தியிருந்தாள். வாசலில் வரிசையாக வந்து அவள் கையைப் பிடித்து, அவள் நினைவு நிலைக்கட்டும் என்று அவளிடமே சொன்னார்கள். அவள் ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னாள். சிலர் உண்மையாகவே அழுதார்கள், அந்த மஞ்சள் பாவாடைக்காரியை அவர்களுக்குப் பிடித்திருந்தது. ஒரு கைப்பிடி கோதுமையைத் தெமெலினாவும் தின்றாள். நாற்பது நாள் துக்கம் காத்தாள். அது முடிந்ததும் கறுப்பைத் துவைத்து மடித்து வைத்துவிட்டு, இரண்டாவது தட்டை அலமாரியில் மற்ற தட்டுகளோடு சேர்த்தாள்.

கடற்கரை அந்தக் கோடையில் இறங்கிப் போனது. அதற்கப்புறம் அது எங்கும் நிலையாக இருந்ததில்லை. மூன்று ஊரோடும் பழகிவிட்டது. வெயில் காலத்தில் ஸ்கலாவில் இருக்கும். கடைசி வெளியூர்க் கப்பல் போனதும் கிளம்பி, மெசாரியாவில் பார்லி விதைக்கும்வரை தங்கி, பனிக்கு முன் ஹோராவில் தெமெலினாவின் ஜன்னலுக்குக் கீழே வந்து சேரும். துறைமுகத்தில் ஒரு கரும்பலகை வைத்து அன்றைக்குக் கரை எந்த ஊரில் என்று சாக்கட்டியால் எழுதினார்கள். பொலிக்சேனியின் அறைகள் நிறைந்தன. தெமெலினா ஐம்பது வயதில் நீந்தக் கற்றுக்கொண்டாள். குளிர்காலத்தில் மாவைப் புளிக்க வைத்துவிட்டு, ஜன்னல் வழியாகவே இறங்கிப் போய்க் குளித்துவிட்டு வருவாள். கட்டிக்கொள்ள யாரும் கேட்கவில்லை, அவளும் அதைப் பற்றி நினைக்கவில்லை. வருடங்கள் அப்படிப் போயின, மின்சாரம் வந்தது, ட்ராக்மா போய் யூரோ வந்தது.

யூரோ வந்த மறு ஆகஸ்டில், வெள்ளைத் தொப்பி வைத்த ஒரு கிழவர் இரண்டு பேரப்பிள்ளைகளோடு கப்பலிலிருந்து இறங்கினார். பிள்ளைகள் ஆங்கிலம் பேசினார்கள். துறையில் நின்ற பொலிக்சேனி தன் அண்ணனை நடையிலேயே தெரிந்துகொண்டாள். கன்னத்தில் முத்தம் கொடுத்தாள், சாப்பாடு போட்டாள், மாடியில் அறை கொடுத்தாள். குறை வைக்கவில்லை. பிள்ளைகளுக்கு அம்முதியைக் காட்டவேண்டும், அங்கேதான் நான் நீந்தக் கற்றுக்கொண்டேன் என்று கப்பலில் வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன் என்றார் அந்திபாஸ். மறுநாள் காலை மூவரும் துண்டோடு போனபோது கறுப்புப் பாறைதான் இருந்தது. மூன்று ஊரோடும் பழகிய பிறகு ஆகஸ்டில் கரை ஸ்கலாவை விட்டுப் போனதே கிடையாது. கரும்பலகையில் மெசாரியா என்று எழுதியிருந்தது. பஸ் பிடித்து மெசாரியா போனார்கள். இப்போதுதான் மேலே போச்சு, மணல் ஈரம் இன்னும் காயலை பாருங்க என்றார்கள் அங்கே. ஹோராவுக்குப் போனார்கள். போரடிக்கும் களத்தில் வெறும் கல்தளமும் முள்ளும்தான் இருந்தன. அது மலையின் அந்தப் பக்கம் இறங்கியிருந்தது.

பிள்ளைகளுக்குப் பசித்தது. ரொட்டி வாசனையைப் பிடித்துக்கொண்டு அடுப்புக்கு வந்தார்கள். தெமெலினா அவர்களுக்கு எள் தூவிய ரொட்டி கொடுத்தாள். அந்திபாஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவளுக்கு அறுபத்தேழு வயது, கை உறுதியாக இருந்தது.

"இங்கே தெமெலினான்னு ஒருத்தங்க இருந்தாங்க" என்றார். "அந்திபாஸ் சம்சாரம்."

"அவ செத்துப்போய் ரொம்ப வருஷமாச்சு, ஐயா" என்றாள் தெமெலினா. "இந்தத் தேவாலயத்துலதான் கோதுமை வச்சோம். ஊரே வந்துச்சு. நல்ல கூட்டம்."

அவர் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார். உதட்டில் எள் ஒட்டியிருந்த சின்னவனின் தலையில் கையை வைத்தார்.

"கஷ்டப்பட்டாங்களா?"

"கொஞ்சம். அப்புறம் சரியாயிடுச்சு." இன்னும் இரண்டு ரொட்டியை எடுத்துக் காகிதத்தில் சுற்றி அவர் கையில் கொடுத்தாள். "வழிக்கு வச்சுக்கங்க. பிள்ளைங்களுக்குப் பசிக்கும்."

அவர்கள் வியாழக்கிழமைக் கப்பலில் போனார்கள். அந்திபாஸ், கப்பல் தீவின் முனையைத் தாண்டும்வரை, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிள்ளைகள் கையசைத்தார்கள், பொலிக்சேனியும் துறையிலிருந்து கையசைத்தாள். அன்று மத்தியானம் ஊர் தூங்கி எழுந்தபோது அம்முதி மரங்களோடு ஸ்கலாவில் தன் இடத்தில் இருந்தது, ஜெர்மன்காரர்கள் குடை நட்டுக்கொண்டிருந்தார்கள். கரும்பலகையில் மெசாரியாவை அழித்துவிட்டு ஸ்கலா என்று எழுதினார்கள். நல்ல வெயில் என்பதால் தெமெலினா அடுப்பைச் சீக்கிரம் அணைத்துவிட்டு, மாலை பஸ்ஸில் இறங்கி வந்து, பொலிக்சேனியின் வாசலில் செருப்பை விட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். தண்ணீர் எப்படி இருக்கிறது என்று பொலிக்சேனி கரையிலிருந்து கேட்டாள். வெதுவெதுப்பாக இருக்கிறது, நீயும் வா என்றாள் தெமெலினா.